எழுத்தும் பிறர் பொருளே

நூலொன்று இணைய அங்காடியில் விற்பனைக்கு வந்த சில நாள்களிலேயே அதன் பிடிஎஃப் பிரதி நம்மவர் கைப்பேசிகளில் உலா வரத் தொடங்கிவிடுகிறது. “இல்மை விலைக்கு விற்கலாமா? பரப்பினால் நன்மையன்றோ?” என்று இச்செயலுக்கு மார்க்கச் சாயமும் பூசப்படுகிறது. இவ்வாதத்தை நாம் மறுக்கிறோம்.

அறிவைப் பரப்புவது நன்மையே, ஐயமில்லை. ஆயின் நூல் உணர்த்தும் அறிவு வேறு. அதனை உணர்த்த ஆசிரியர் இரவெல்லாம் விழித்துக் கோத்த சொற்கோவை வேறு. அறிவை எவரும் கற்கலாம். தம் சொல்லில் எடுத்துரைக்கலாம். அதனைச் சட்டமும் தடுக்கவில்லை. ஆசிரியரின் இசைவின்றி நூலையே பிரதி செய்து பரப்புவதுதான் தடுக்கப்பட்டது. தம் நூலை அனைவர்க்கும் இலவசமாக்குவது அவர் விருப்பம். வக்ஃபு செய்பவர் அப்பொருளுக்கு உடையவராயிருத்தல் வேண்டும் என்பது ஃபிக்ஹு ஓதத் தொடங்கிய மாணவரும் அறிந்த நிபந்தனை. அயலார் தோப்பை வக்ஃபு செய்து நன்மை தேடுவார் உண்டோ?

“தொட்டறியும் பொருளன்றோ ‘மால்’ ஆகும்?” என்பாரும் உளர். ஹனஃபி அறிஞர் சிலர் முன்னர் இக்காரணம் பற்றி நூலுரிமை விற்பதை மறுத்ததுண்டு. எனினும் பயன்களையும் மால் எனக் கொள்வதே ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலுரிமை பொருள்மதிப்புள்ள உரிமையே என்றும், அதில் அத்துமீறல் கூடாதென்றும் தீர்மானித்துவிட்டது.

நாட்டுச் சட்டமும் இதனையே சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமன்று. ஆசிரியர் வஃபாத்தான பின்னும் 60 ஆண்டுகள் அவ்வுரிமை நிலைக்கும். அவர் விற்றுவிடாத வரையில் வாரிசுகளைச் சேரும். அவ்வாரிசுகளுள் யதீமும் இருக்கலாம் என்பதை நூலைப் பரப்பும் விரல் எண்ணிப் பார்க்கட்டும்! அறிந்தே மீறுவோர்க்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையுண்டு. “காசு வாங்கவில்லையே” என்பது தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாம், குற்றத்தைத் துடைக்காது.

விற்கும் நம் படைப்பாளரும் குறையற்றவர் அல்லர். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. அதனை ஓதுவோரே ஒப்பந்தத்தைப் படியாது ‘இசைகிறேன்’ என்ற கட்டத்தைத் தொட்டுவிடுகின்றனர். உரிமை மாற்றம் எழுத்திலும் கையொப்பத்துடனும் அமைதல் வேண்டும். காலம் குறியாவிடின் 5 ஆண்டு. இடம் குறியாவிடின் இந்தியா மட்டும். அன்று வழக்கில் இல்லாத ஊடகத்துக்குப் பெயர் குறித்து எழுதினாலன்றி உரிமை செல்லாது என்கிறது 2012ஆம் ஆண்டுத் திருத்தம். கிண்டில் செலக்ட் திட்டத்தில் சேர்வோர் 90 நாள்கள் அம்மின்னூலை வேறெங்கும் விற்கலாகாது. இவற்றையெல்லாம் அறியாது ஒப்பிவிட்டுப் பின் புலம்புவதில் பயனென்ன?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். திரைப்பட மெட்டை அனுமதியின்றி எடுத்து நபிபுகழ் பாடி விற்பதும், எவரோ வரைந்த அரபு எழுத்தோவியத்தைத் தம் நூலட்டையில் பதிப்பதும் அதே அத்துமீறலே. புகழப்படுபவர் ‘அல்அமீன்’ என்று பெயர் பெற்றவரன்றோ!

சகோதரர்களே! நல்ல நூலெனில் விலை கொடுத்து வாங்குங்கள். வாங்க இயலாதார்க்கு வாங்கி வழங்குங்கள். உங்கள் பொருளிலிருந்து கொடுப்பதே ஸதகா. பிறர் பொருளை அள்ளிக் கொடுப்பது ஸதகாவன்று.