ஆட்டக்களத்தில் பிறந்த பேச்சு

அரியலூர் மாவட்டம் கோக்குடியிலோ பெரம்பலூர் மாவட்டம் அன்னமங்கலத்திலோ ஜல்லிக்கட்டு நடக்கும் நாளில், வாடிவாசல் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். வீரர் கையில் காளை அகப்பட்டால் அது ‘பிடிமாடு’. ஓடித் தப்பாமல் களத்திலேயே சுழன்று, கிட்டே வருகிறவர்களை எல்லாம் விரட்டினால் ‘நின்னு விளையாடுற மாடு’. அந்த மாட்டின் சொந்தக்காரருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

ஆட்டத்தின் பெயரே காசிலிருந்து வந்ததுதான். சல்லிக்காசுகளைத் துணியில் முடிந்து காளையின் கொம்பில் கட்டிவிடுவார்கள். அவிழ்த்தவருக்கு அது சொந்தம். அந்தச் ‘சல்லிக்கட்டு’தான் ஜல்லிக்கட்டு ஆனது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இன்று கொம்பில் காசு இல்லை. சைக்கிளும் பீரோவும் பரிசாகிவிட்டன. பெயர் மட்டும் பழைய பரிசைச் சுமந்துகொண்டிருக்கிறது. ‘சல்லிக்காசு பெறாது’ என்று நாமும் பேசுகிறோம். இலங்கையிலும் பணத்தைச் சல்லி என்பதுண்டு.

கிரிக்கெட்டின் ‘ஹாட்ரிக்’ கதையும் இதே மாதிரி. 1858இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் எச்.எச்.ஸ்டீபன்சன் அடுத்தடுத்த 3 பந்துகளில் 3 விக்கெட் எடுத்தார். பார்த்தவர்கள் காசு திரட்டி அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அங்கேயும் பரிசுதான் பெயரானது.

களத்தை விட்டு வெகுதூரம் போய்விட்ட சொற்களும் உண்டு. தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் ‘கோதாவில் குதிக்கிறார்கள்’. கோதா என்பது மல்யுத்தக் களம். விஷயத்துக்கு வராமல் பேசுகிறவரிடம் இளைஞர்கள் ‘கம்பு சுத்தாதே’ என்கிறார்கள். இது சிலம்பத்துக்குச் செய்யும் அநியாயம். சிலம்பத்தில் சுற்றுவது வீண் வேலை அல்ல. அடிக்கவும் தடுக்கவும் கைகொடுப்பது அதுதான்.

இதைவிட வருத்தம் தருவது ‘கேரம் பால்’. 2008 ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில், கராச்சியில், இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் 13 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்து இந்தியாவைச் சாய்த்தபோது உலகம் முழுக்கப் பரவிய பெயர் அது. விரலால் சொடுக்கி வீசும் அந்தப் பந்தைச் சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடியவர்கள் ‘சொடுக்கு பால்’ என்றார்கள். தெரு கிரிக்கெட்டில் பார்த்துத்தான் கற்றதாகச் சுழற்பந்து வீச்சாளர் அஷ்வினும் சொல்லியிருக்கிறார். விரல் செய்யும் வேலையை அப்படியே சொல்லும் பெயர் கையில் இருக்க, தமிழ் வர்ணனையில் ‘கேரம் பால்’ எதற்கு? ‘சொடுக்கு’ என்றால் கேட்கிற எவருக்கும் புரியும்.

பிடிமாடு, சொடுக்கு போன்ற சொற்கள் பெரும்பாலும் எழுத்தில் ஏறாதவை. சொல்கிறவரோடு போய்விடும். அரியலூர், பெரம்பலூர் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களும் தமிழாசிரியர்களும் சேர்ந்தால் ஒரே ஆண்டில் இவற்றைத் திரட்டிவிடலாம். எந்த ஊர், எந்த ஆட்டம், என்ன பொருள் என்று மாணவர்களே எழுதி வரட்டும். கபடியைச் சடுகுடு என்று சொல்லி ஆடிய பெரியவர்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் பிள்ளைகளை அனுப்புங்கள்.