கருத்து வறண்டதா? மொழி வறண்டதா?

தியாகராயர் நகரில் கடை வைத்திருப்போர்க்கு இன்று இரண்டு கடைகள் உள. ஒன்று, பனகல் பூங்காவைச் சுற்றியோ அரங்கநாதன் தெருவிலோ செங்கல்லும் சுண்ணமுமாய் நிற்பது. மற்றொன்று, வாங்குவோரின் உள்ளங்கையில் ஒளிரும் கைப்பேசித் திரையில் திறந்திருப்பது. முதற்கடைக்கு இரவில் கதவடைப்பு உண்டு, இரண்டாவதற்கு அதுவுமில்லை. முகநூல், இன்சுடாகிராம் எனப்படும் படவரி, யூடியூப் எனப்படும் வலையொளி ஆகிய மூன்று வாயில்களிலும் நாள்தோறும் புதிதாக ஒன்றைக் காட்டியாக வேண்டும். அதற்கென ஆள் அமர்த்துகின்றனர். விளம்பரக் குழுமங்களுக்குத் திங்கள்தோறும் பணம் கட்டுகின்றனர். அவ்வளவு செய்தும், "புதுக்கருத்துக் கிடைக்கவில்லையே!" என்னும் புலம்பல்தான் எங்கும் கேட்கின்றது.

ஏன் கிடைக்கவில்லை? தேடுமிடம் பிழை! பிப்ரவரி 14 வந்தால் காதலர் நாள். மே வந்தால் அன்னையர் நாள். நவம்பர் இறுதியில் 'பிளாக் பிரைடே' என்றொரு கருப்பு வெள்ளி. அமெரிக்கர் நன்றியறிதல் நாள் கொண்டாடி, மறுநாள் கடைக்கு ஓடுகின்றனர். அஃது அவர்தம் நாட்டு வழக்கம். மாம்பலத்தில் தொடர்வண்டி விட்டிறங்கிப் புடவை வாங்க வரும் செங்கற்பட்டுக்காரிக்கு அந்த வெள்ளிக்கிழமையோடு என்ன உறவு? ஆங்கிலத்தில் அச்சிட்ட நாட்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் உள்ள கட்டங்களை நிரப்புவதையே 'கருத்துத் தேடல்' என்கின்றனர். இப்போது அந்த உழைப்பும் போயிற்று. செய்யறிவுப் பொறியிடம் "முப்பது கருத்துகள் கொடு" என்று ஆங்கிலத்தில் கேட்கின்றனர். பெரும்பாலும் ஆங்கில எழுத்தையே உண்டு வளர்ந்த பொறி அது. புடவைக் கடைக்குக் கொடுத்ததையே சற்று மாற்றிப் பாத்திரக் கடைக்கும் கொடுக்கின்றது. பத்துக் கடைக்கும் ஒரே சரக்கு! பிறகு புதுமை எங்கிருந்து வரும்?

இத்தனைக்கும் இந்நகர வணிகர் கருத்து வறியவர் அல்லர். ஆடித் தள்ளுபடியை எண்ணிப் பாருங்கள். ஆடியில் திருமணம் இல்லை. திருமணம் இல்லையேல் பட்டு விற்பனை இல்லை. படுத்துக்கிடந்த அந்தத் திங்களையே விற்பனைத் திருவிழாவாக நிமிர்த்திய அறிவு, எந்த அயல்நாட்டு வணிக நூலில் கற்றது? இம்மண்ணின் வழக்கத்தை உள்ளிருந்து அறிந்த கடைக்காரர் கண்டது. பிற்காலத்தில் வந்த அட்சய திருதியையும் விளம்பரம் செய்த வேலையே. ஒரு தலைமுறைக்கு முன் தமிழ்க் குடும்பங்களில் மிகப்பலர் அறியாதிருந்த அந்த நாளில், இன்று விடியுமுன் நகைக்கடை வாயிலில் வரிசை நிற்கின்றது. பொன் வாங்காதவள் ஏதோ இழந்தவள் போல் நாணுகின்றாள். இது பழித்தற்குரியது, ஆயினும் ஓர் உண்மையைக் காட்டுகின்றது. விளம்பரத்தால் ஒரு வழக்கத்தையே படைக்க முடியும். அவ்வாற்றல் உடையார், தமிழர்க்கென ஒரு சொல்லைப் படைக்க முடியாது என்று கைவிரிப்பதை எங்ஙனம் நம்புவது?

மொழியைப் பார்த்தாலோ நெஞ்சு எரிகின்றது. 'வீக்கெண்டு ஆபர்', 'நியூ கலெக்சன்', 'கிராண்டு லுக்' என்னும் சொற்களுக்கிடையில் 'வாங்க', 'அள்ளுங்க' என்று இரண்டு தமிழ் வினைகள் ஊறுகாய் போல் தொட்டுக்கொள்ளக் கிடைக்கின்றன. அவ்விரண்டையும்கூட ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர்! ஈராயிரம் ஆண்டுகட்கு மேலாகத் தனக்கென எழுத்துடைய ஒரு மொழிக்கு, பக்கத்து வீட்டுச் சட்டையை இரவல் வாங்கி மாட்டிவிடுகின்றனர். 1948 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகளில் 15 ஆம் விதி, கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாய் இருத்தல் வேண்டும் என்கின்றது. அவ்விதி வாயிற்படிக்கு மேல் தொங்கும் பலகையோடு நின்றுவிட்டது. உள்ளங்கையில் ஒளிரும் பலகையைத் தொடவில்லை. உசுமான் சாலையில் தொங்கும் பலகையையே முறையாக எழுதாதவர் பலராக இருக்க, தொடாத பலகையில் என்ன நேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

விளம்பு என்னும் வேரில் தோன்றியதே விளம்பரம். விளம்பத் தெரியாதவரா தமிழர்? அகநானூற்றில் அம்மூவனார் காட்டும் உமணர் மகள், கைவளை ஒலிக்க வீசி நடந்து, நெல்லுக்கு நேராக உப்புத் தருவதாகச் சேரியில் கூவிச் செல்கின்றாள். அக்குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கின்றது. பொருள் என்ன, மாற்று என்ன என்பதை அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்! முதல் மூன்று நொடியில் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று இன்றைய விளம்பரக்காரர் பாடம் நடத்துகின்றனரே, அதை அவள் தெருவில் நடந்தே செய்தாள். பட்டினப்பாலையோ புகார் நகரில் அசைந்த கொடிகளை வகைவகையாய்ச் சொல்கின்றது. கலமேறிய கொடி, கள் விற்கும் மனையின் கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர் உயர்த்திய கொடி என ஒவ்வொன்றும் ஓர் அறிவிப்பே.

பழம்பெருமை போதும், இன்றைக்கு என்ன செய்வது என்பார்க்குக் காஞ்சிபுரத்துத் தறியைக் காட்டலாம். 1928 இல் தியாகராயர் நகரில் நல்லி சின்னசாமி செட்டியார் கடை தொடங்கிய நாள் முதல் இந்நகரின் பட்டு வணிகம் அந்தத் தறியை நம்பியே வளர்ந்தது. பட்டு மட்டுமா அத்தறியிலிருந்து வருகின்றது? சொல்லும் வருகின்றது. நீளவாட்டில் ஓடும் நூல் பாவு. குறுக்கே பாய்வது ஊடை. உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து ஒன்றோடொன்று கோத்து இணைப்பது கோர்வை. அதற்குத் தறியில் ஓராள் போதாது. துணையாள் ஒருவர் வேண்டும். வைரவூசி, மயில்கண், மல்லிமொக்கு என்று ஒவ்வொரு நெசவு வடிவுக்கும் பெயர் இருக்கின்றது. நிறங்களோ கேட்கவே வேண்டா! அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல். ஒவ்வொன்றையும் சொன்ன அளவிலேயே கண்முன் ஒரு பொருள் வந்து நிற்கின்றதா, இல்லையா? இவற்றையெல்லாம் மூடிவைத்துவிட்டுப் 'பீக்காக் புளூ' என்றும் 'ஆனியன் பிங்க்' என்றும் எழுதுகின்றவன், "கருத்தில்லை" என்று அழுவது, நெல் நிரம்பிய குதிருக்கு முன் உட்கார்ந்து பசி பசி என்பது போலாம். ஒரு நிறத்துக்கு ஒரு நாள், ஒரு வடிவுக்கு ஒரு நாள், நெய்தவரின் கைக்கு ஒரு நாள் என்று காட்டினாலே ஓராண்டுக்குப் போதும். நெசவாளியின் உழைப்பை வாங்குவோர் அறிந்தால் விலையில் ஏன் இத்துணை என்ற கேள்வியும் குறையும். இது மொழிக்கு மட்டுமன்றி வயிற்றுக்கும் உரிய செய்தி.

மயிலையிலும் பாடம் உண்டு. நாகேசுவரராவ் 1893 இல் பம்பாயில் தொடங்கிய தலைவலி மருந்து, 1914 இல் சென்னைக்கு வந்தது. அதன் பெயர் வடமொழி, அது கிடக்கட்டும். இசையரங்குகளில் கூடியிருந்தோர்க்கு அம்மருந்தை விலையின்றிக் கொடுத்துப் பழக்கினார் அவர். மக்கள் எங்கே கூடுகின்றனரோ அங்கே சென்று கொடுத்தார் என்பதே அதில் உள்ள நுட்பம். அடையாற்றிலோ நேர்மாறு. ஊர்ப்பெயரையே முன்னே தாங்கி வளர்ந்த ஓர் இனிப்பகம், இன்று 'ஏ டூ பி' என்று சுருக்கிக்கொண்டுள்ளது. ஆற்றின் பெயர் ஓர் ஆங்கில எழுத்துக்குள் அடங்கிப்போயிற்று!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2008 இல் மட்டைப்பந்துப் போட்டிக்கென எழுந்த சென்னை அணிக்கு 'விசில் போடு' என்னும் முழக்கம் வாய்த்தது. ஊரே அதைக் கூவிற்று. விசில் அயற்சொல்லே, சீழ்க்கை என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்கின்றது. ஆனால் அம்முழக்கத்தை நாவில் ஏற்றியது எது? 'போடு' என்னும் வினை! பெயர்ச்சொல் இரவல், உயிர் தமிழ். அவ்வினையை எடுத்துவிட்டால் அது வெறும் ஊதல்.

தனித்தமிழ் அன்பர்கள் இங்கே தம்மையும் எண்ணிப் பார்த்தல் நன்று. மறைமலையடிகள் 1916 இல் தொடங்கிவைத்த இயக்கம் ஆட்சிக்கும் கல்விக்கும் ஆயிரமாயிரம் சொற்களைத் தந்தது. பாவாணர் வேர்வேராய்த் தோண்டித் தந்தார். கடைத்தெருவுக்கு மட்டும் என்ன தந்தோம்? 'விலைக்கழிவு விற்பனைப் பெருவிழா' என்று நான்கு மூட்டைகளை அடுக்கிக் கொடுத்தால் எந்தக் கடைக்காரர் தூக்குவார்? தமிழ் படித்துப் பட்டம் பெற்ற இளைஞர் நூற்றுக்கணக்கானோர் ஆசிரியப் பணி ஒன்றையே நம்பி ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்க, அவர் எழுத வேண்டிய வரிகளை ஆங்கிலத்தில் எண்ணுகின்ற ஒருவர் எழுதிக் கூலி பெறுகின்றார். தமிழ் வகுப்பில் யாப்பும் அணியும் கற்பிப்பதோடு, நான்கே சொல்லில் ஒரு புடவையை விற்கவும் கற்பித்தால் என்ன இழிவு? உமணர் மகளைப் பாடுவது அம்மூவனார்க்கு இழிவாகத் தோன்றவில்லையே!

"தமிழில் எழுதினால் இளையோர் பார்ப்பதில்லை" என்பர் விளம்பரக்காரர். திரைப்பாட்டின் தமிழ் வரியை அதே இளையோர்தாம் தம் பக்கங்களில் பதிந்து பகிர்கின்றனர். அவர் வெறுப்பது தமிழை அன்று, உயிரில்லாத் தமிழை.

சவுந்தரபாண்டியனார் அங்காடி என்னும் பெயர் பாண்டி பசார் என்று தேய்ந்த தெருவில், இப்போது அகன்ற நடைபாதையும் அமர இருக்கையும் உள்ளன. அடுத்த முறை அவ்வழிச் செல்லும் அன்பர், ஏதேனும் ஒரு புடவைக் கடைக்குள் நுழைந்து, "மயில்கழுத்து நிறத்தில் காட்டுங்கள்" என்று கேட்கட்டும். விற்பனைப் பெண் விழித்தால் சற்றே காத்திருக்கட்டும். உள்ளிருந்து முதிய பணியாள் ஒருவர் எழுந்து வந்து, மேல்தட்டிலிருந்து அதை எடுத்து விரிப்பார். பிறகு வீடு திரும்பி, அக்கடையின் படவரிப் பக்கத்தில் அந்நிறத்தின் பெயரைத் தமிழெழுத்தில் எழுதிவைக்கட்டும்.