கடுக்காய், சந்தன நாற்று வளர்ப்புக்கு உதவி கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
நாற்று வளர்ப்போர் சங்கம், கரியாலூர்,
கல்வராயன்மலை வட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
1. உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கள்ளக்குறிச்சி.
2. உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள், கள்ளக்குறிச்சி.

பொருள்: முளைக்கச் சிரமமான மலை மரங்களை விதையிலிருந்து வளர்க்கத் தனித் திட்டம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்குவது மலையாளி பழங்குடி மக்களின் பரம்பரைப் பிழைப்பு. சந்தனமும் இம்மலையின் மரமே. திருட்டு வெட்டில் பெருமளவு அழிந்தது. மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. அதில் இவ்விரு மரங்களுக்கும் உரிய இடம் வேண்டுகிறோம். ஆனால் ஒரே பருவத்தில் நாற்று தரச் சொன்னால், சீக்கிரம் முளைக்கும் புங்கன் போன்றவையே நாற்றுப் பைகளில் நிறையும்.

கடுக்காய்க் கொட்டையின் ஓடு மிகக் கடினம். தானாக உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி, சதை நீக்கி உலர்த்த வேண்டும். அகன்ற முனையைப் பருப்பில் வெட்டுப்படாமல் நறுக்கி, 36 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு கூடும். கைப்பழக்கம் இல்லாவிட்டால் விதை வீணாகும்.

சந்தன விதை பறித்தவுடன் முளைக்காது. ஏறக்குறைய இரண்டு மாதம் உறங்கும். 0.05 சதவீத ஜிப்ரெலிக் அமிலக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் முளைப்பு சீராக வரும். பிற செடியின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சும் மரம் என்பதால், பையிலேயே துவரையைத் துணைச் செடியாக வளர்க்க வேண்டும். சந்தனக் கன்றை மூடாதபடி துவரையை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. நாற்றுக் கொள்முதல் ஆணையை மர வகை குறிப்பிட்டு, விதை உதிரும் பருவத்துக்கு முன்பே வழங்க வேண்டும். இவ்விரு மரங்களுக்கும் குறைந்தது ஓராண்டு அவகாசம் தர வேண்டும்.

2. முளைக்காமல் போகும் விதையையும் கூடுதல் கைவேலையையும் கணக்கிட்டு, இவற்றுக்குத் தனி விலை நிர்ணயிக்க வேண்டும்.

3. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூல் மீது எங்களுக்கு உரிமை தருகிறது. அதன்படி விதை சேகரிக்கும் இடத்தையும் காலத்தையும் கிராம சபையுடன் கலந்து வரையறுக்க வேண்டும். விதைக்கான தாய் மரங்களை அடையாளமிட்டு, அவற்றில் ஒரு பங்கு காய் பறவைக்கும் காட்டுக்கும் விடப்பட வேண்டும்.

4. கோவை வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவன வல்லுநர்களைக் கரியாலூருக்கே வரவழைத்து, விதைப் பருவத்தில் செய்முறைப் பயிற்சி தர வேண்டும். பெண்களுக்கு முன்னுரிமை வேண்டும்.

5. நிழல்வலைக் குடில், தண்ணீர்த் தொட்டி, அளந்து பொட்டலமிட்ட ஜிப்ரெலிக் அமிலம் ஆகியவற்றை வழங்க வேண்டும்.

6. நட்ட கன்றுகளை மூன்றாண்டு பராமரிக்கும் பணியை உள்ளூர் மக்களுக்கே கூலியுடன் ஒப்படைக்க வேண்டும்.

காட்டை அறிந்த கைகள் இங்கே இருக்கின்றன. அவற்றுக்குக் காலமும் கூலியும் கிடைத்தால் இம்மலையின் மரங்களை இம்மலையிலேயே பெருக்கிக் காட்டுவோம். வரும் விதைப் பருவத்துக்கு முன் எங்களை அழைத்துப் பேசி, எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்

இடம்: கரியாலூர்