சாவுக்குப் பிறகா சோதனை?

இருமலுக்கு மருந்து என்று விற்கப்பட்ட ஒரு சிரப்பைக் குடித்து, 2025-ஆம் வருஷத்தில் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிந்த்வாரா ஜில்லாவின் சின்னஞ்சிறு குழந்தைகள். மருந்தோ நமது காஞ்சிபுரம் ஜில்லாவில் செய்யப்பட்டது. ஆகவே இதை எங்கோ நடந்த சங்கதி என்று நாம் தள்ளிவிட முடியாது.

தமிழ்நாடு சர்க்கார் பரிசோதனைச்சாலை அந்தச் சிரப்பைச் சோதித்ததில், 100-க்கு 48.6 பங்கு டை எத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 பங்குதான். இந்த விஷத்துக்கு நிறமில்லை, இனிப்பாகவும் இருக்கும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்து, மூத்திரத்தை நிறுத்தி, ஆளைக் கொன்றுவிடும். தாயின் கண்ணோ, நாக்கோ, சீசாவின் மேலுள்ள படமோ இதைக் காட்டிக் கொடுக்குமா?

நிற்க, இந்தச் சோதனைக்கு ஆன காலம் எவ்வளவு? மத்தியப் பிரதேச சர்க்கார் அக்டோபர் 1-ந் தேதி கேட்டுக்கொண்டது. இரண்டொரு நாளில் முடிவு வந்துவிட்டது. மருந்து தயாரானதோ மே மாதத்தில்! அக்டோபரில் இரண்டு நாளில் தெரிந்தது, மே மாதத்தில் தெரிந்திருக்காதா? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

சட்டம் இல்லாமலில்லை. 1940-லேயே மருந்துச் சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு தொகுதியையும் செய்கிறவனே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதாவது சரக்கும் அவனுடையது, சாட்சியும் அவனே! காம்பியா நாட்டில் இந்திய சிரப்பைக் குடித்த குழந்தைகள் 2022-ல் இறந்ததாக உலகமெல்லாம் பேச்சான பிறகு, வெளிநாட்டுக்கு அனுப்பும் இருமல் சிரப்பை அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச்சாலையில் சோதித்தே அனுப்ப வேண்டுமென்று 2023 ஜூன் முதல் உத்தரவு போட்டார்கள். நல்லதுதான். ஆனால் உள்ளூர்க் கடைக்குப் போன சிரப்புக்கு அந்த உத்தரவு இல்லை. அன்னிய நாட்டுக் குழந்தையின் உயிருக்கு ஒரு நீதி, சிந்த்வாரா ஏழையின் குழந்தைக்கு வேறொரு நீதியா?

அமெரிக்காவில் 1937-ல் இதே விஷத்தால் 100 பேருக்கு மேல் செத்தார்கள்; மறு வருஷமே, விற்கும் முன் மருந்து அபாயமற்றது என்று காட்ட வேண்டுமெனச் சட்டம் செய்தார்கள். நம் சென்னையிலும் 1972-ல் இதே விஷத்துக்குக் குழந்தைகள் பலியானார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் பாடம் படிக்கவில்லை.

குழந்தைக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று அழுது அடங்குகிற ஜனங்கள் இருக்கும்வரை, பொறுப்புள்ளவர்களுக்குக் கவலையில்லை. இது விதியல்ல, செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாத குற்றம்.

ஆகவே, சர்க்கார் ஆட்கள் முன்னறிவிப்பின்றித் தொழிற்சாலையிலும் கடையிலும் மாதிரி எடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய நிபுணர்களை நியமிக்க வேண்டும். முடிவுகளைத் தொகுதி எண்ணோடு தமிழில் வெளியிட வேண்டும். தோழர்களே, நீங்களும் சீசாவிலுள்ள எண்ணைப் பாருங்கள், ரசீது கேளுங்கள். சோதனை சாவுக்கு முந்தி வந்தால்தான் அது பாதுகாப்பு. பிந்தி வந்தால் அது பிரேத விசாரணைதான்.