தலைக்கு மேல் பாறை

மொரீஷியஸுக்கு விடுமுறை போகும் பிள்ளைகள் கடலடிக் குகையைத்தான் முதலில் தேடுகிறார்கள். தேடட்டும்; ஆனால் ஸ்கூபா சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. திறந்த கடலில் ஆபத்தென்றால் மேலே வந்துவிடலாம். குகையில் தலைக்கு மேல் பாறை. வந்த வழியேதான் திரும்ப வேண்டும். அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் காற்றை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு. வழிக்கயிற்றையும் விடுவதில்லை.

மூச்சுக்கருவியை உருவாக்கிய இருவரில் ஒருவரான கூஸ்தோவே, 1946-இல் பிரான்ஸின் வொக்ளூஸ் ஊற்றுக்குள் இறங்கி மயிரிழையில் தப்பினார். சிலிண்டர் காற்றில் எஞ்சின் புகை கலந்திருந்தது.

என்னைக் கேட்டால், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் உள்ள 'கதீட்ரல்' போல வெளிச்சம் உள்ளே விழும் இடமே போதும். அதற்கும் உள்ளூர் வழிகாட்டி வேண்டும். வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் வரைதான் சுற்றுலா.