சீட்டு இல்லாத கடிகாரம்

பத்துபஸ்தியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு காலத்தில் ஒரு பித்தளைக் கடிகாரம் இருந்தது. ஒரு சாண் உயரம்கூட இராது. நாலு பக்கமும் கண்ணாடி, உச்சியில் தூக்கிச் செல்ல ஒரு கைப்பிடி. உள்ளே சக்கரங்கள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே நின்று, பள்ளிக்கு நேரமாகி நான் அடி வாங்கியதுண்டு. அதை 1987-ல் முந்நூறு ரூபாய்க்கு விற்றவனும் நானே. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் இங்கே சொல்ல வருவது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று.

அந்த வகைக் கடிகாரத்துக்குக் கேரியேஜ் கிளாக் என்று பெயர். பயணக் கடிகாரம் எனலாம். பிரான்சு நாட்டில் பிறந்தது. ஊசல் கட்டிய கடிகாரத்தை வண்டியில் ஏற்றினால் குலுக்கலில் நின்றுவிடும். ஆகவே ஊசலை நீக்கிவிட்டு, கைக்கடிகாரத்தில் உள்ளதுபோல் சிறு சமன் சக்கரமும் மயிரிழைச் சுருளும் வைத்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுத்தால் போதும். சிலவற்றில் மேலே ஒரு பொத்தான் உண்டு. இருட்டில் அதை அழுத்தினால் கடைசியாக அடித்த மணியைத் திரும்ப அடித்துக் காட்டும்.

பாரிசில் இருந்த பிரெகே என்னும் கடிகாரக் கலைஞரிடம், எகிப்துப் படையெடுப்புக்குப் புறப்படுமுன் 1798-ல் நெப்போலியன் இப்படி ஒரு பயணக் கடிகாரம் வாங்கினார். பிறகு 1830-களில் போல் கார்னியே என்பவர் எளிய அமைப்பில் செய்யத் தொடங்க, பிரபுக்களின் மேசையிலிருந்து வசதியுள்ள மற்றவர் வீட்டுக்கும் அது இறங்கி வந்தது.

இன்று அவ்வகைக் கடிகாரம் ஒன்று ஏலத்துக்கு வந்தால் முதலில் கேட்கும் கேள்வி, "ஓடுகிறதா?" என்பதன்று; "யாரிடம் இருந்தது? அதற்குச் சான்று உண்டா?" என்பதுதான். ஒரே பட்டறையில் பிறந்த இரண்டில், அரச குடும்பத்துச் சீட்டு உள்ளதற்கு ஒரு விலை, சீட்டு இல்லாததற்கு வேறு விலை. பிரெகே நிறுவனம் தன் விற்பனைப் பேரேடுகளை இன்றுவரை காத்து வைத்திருக்கிறது. நேப்பிள்ஸ் அரசி கரோலின் 1810-ல் தம் மணிக்கட்டில் அணிய ஒரு கடிகாரம் செய்யச் சொன்ன செய்தி அப்பேரேடுகளில் இருக்கிறது. அந்தக் கடிகாரம் இன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது. பொருள் போய்விட்டது, எழுத்து நிற்கிறது!

எங்கள் வீட்டில் நடந்ததோ வேறு. தாத்தா இராமநாதபுரம் பக்கம் ஒரு ஜமீன் வீட்டில் கணக்கு எழுதியவர். 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் அவர் கப்பலேறி அந்தமான் வந்தார், கையில் அந்தக் கடிகாரத்துடன். "விசுவாசத்துக்கு ஜமீன்தார் கொடுத்த பரிசு" என்பார் அப்பா. "பரிசாவது ஒண்ணாவது! ஆறு மாசச் சம்பளப் பாக்கிக்கு ஈடாக் கொடுத்தது" என்பார் அத்தை. தாத்தா இருந்தவரை யாரும் அவரிடம் உட்கார்ந்து கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதிய மனிதர் தம் கடிகாரத்தைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

வாங்க வந்தவர் கேட்டார்: "இது யாரோடது தம்பி? சீட்டு, கடுதாசி ஏதும் இருக்கா?" நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் விலையைக் குறைத்தார். கடற்காற்றில் சுருள்வில் துருப்பிடித்து நின்றுபோன சாமான்தானே என்று நானும் கொடுத்துவிட்டேன்.

"பிரபு வீட்டுப் பெயரை வைத்து ஒரு பொருளை மதிப்பது அடிமைப் புத்தி அல்லவா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் எண்ணமும் அதுவே. அந்தக் கடிகாரத்தில் எனக்குப் பெருமை ஜமீன்தார் பெயரால் அன்று. எட்டு நாளைக்கு ஒருமுறை மறவாமல் சாவி கொடுத்தவர் தாத்தா. துணியில் சுற்றி மடியில் வைத்துக் கடல் கடந்தவர் தாத்தா. ஆனால் பிரபுக்களின் கையில் இருந்ததற்குப் பேரேடு இருக்கிறது. நம் கையில் இருந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அத்தை சொன்னது உண்மையானால், அந்தக் கடிகாரம் ஓர் ஏழைக் கணக்குப்பிள்ளையின் ஆறு மாத உழைப்புக்குச் சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் நான் முந்நூறு ரூபாய்க்கு விற்றேன்.

இத்தீவில் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. ஆனால் கடிகாரம் காட்டுவது இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். நாமும் அப்படித்தான் இரண்டு ஊரின் நேரத்தில் வாழ்கிறோம். போர்ட் பிளேர் என்ற பெயரே 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஊர்ப்பெயரே மாறும்போது வீட்டுக் கதை மட்டும் தானாக நிற்குமா? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பெட்டியோடும் படத்தோடும் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் நம் தீவுகளில் எத்தனை! பொருளைக் காப்பது எப்போதும் நம் கையில் இல்லை. எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் இதழிலும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பொருளைப் பற்றி எழுதட்டும். அம்மிக்கல்லோ, வெற்றிலைப் பெட்டியோ, கப்பல் டிக்கெட்டோ, எதுவானாலும் சரி. யார் கொண்டுவந்தார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எப்படிக் கைக்கு வந்தது? இந்த நான்கும் போதும். அப்பா ஒன்று சொல்லி அத்தை வேறொன்று சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது உண்மை என்று பேரப்பிள்ளைகள் தேடிக்கொள்ளட்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். நான் உட்காரவில்லை.