நாயின் மூட்டுக்குக் கத்தியா? கட்டா?

கலசப்பாக்கம் பக்கம் கொல்லையில் கடலை போட்டவருக்கு இரவில் நாய்தான் காவல். ஜவ்வாது மலையடிவாரத்தில் பன்றி இறங்கினால் முதலில் குரைப்பது அதுதான். அந்த நாய் ஒருநாள் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நொண்டி வருகிறது. "ஆபரேஷன் பண்ணணும்" என்கிறார் ஒருவர். "பிரண்டையை அரைச்சுக் கட்டு, தானா கூடிடும்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

முதலில் அடி எங்கே என்று பார்க்க வேண்டும். நாய்க்கு முழங்கால் இருப்பது பின்னங்காலில். அங்கே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிடித்து நிற்பது ஜவ்வு. பெரும்பாலான நாய்களுக்கு இது ஒரே தாவலில் அறுந்துவிடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நைந்து, ஒருநாள் கிழிகிறது. எலும்பு முறிவா, முள் குத்தியதா, ஜவ்வு கிழிந்ததா என்பதைக் கால்நடை மருத்துவர் மூட்டை அசைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பிரண்டையை ஏளனம் செய்யத் தேவையில்லை. முறிந்த எலும்பு சீக்கிரம் கூட அது உதவுகிறது என்று நாய்களிடமே செய்த இந்திய ஆய்வு 1994-ல் வெளிவந்துள்ளது. ஆனால் ஜவ்வு எலும்பு அல்லவே! முழுதாக அறுந்த ஜவ்வை ஒட்டவைக்கும் பச்சிலை எதுவும் இல்லை. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் வீங்கும். அதைவிட ஆபத்து, வீட்டில் இருக்கும் மனிதர்களின் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது. இப்யூபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அறுவை சிகிச்சை என்ன செய்கிறது? ஒரு முறையில் மூட்டுக்கு வெளியே பலமான நைலான் இழையைக் கட்டி ஜவ்வின் வேலையைச் செய்ய வைக்கிறார்கள். இன்னொன்று டி.பி.எல்.ஓ. அமெரிக்க மருத்துவர் ஸ்லோகம் 1993-ல் விவரித்த முறை இது. கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வெட்டித் திருப்பி, சரிவைக் குறைத்துத் தகடு வைப்பார்கள். பெரிய நாய்களுக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் செலவு அதிகம். கலசப்பாக்கத்துக்காரர் 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதென்றாலும், வண்டி வைத்து நாயை ஏற்றி, கொல்லை வேலையை விட்டுப் போக வேண்டும்.

எல்லா நாய்க்கும் அது தேவையா? இல்லை. 1984-ல் அமெரிக்காவில் 85 நாய்களை ஆபரேஷன் இல்லாமல் கவனித்த ஓர் ஆய்வு வெளியானது. 15 கிலோவுக்குக் குறைந்த நாய்களில் சுமார் 86 சதவீதம் தேறின. அதற்கு மேற்பட்டவற்றில் தேறியது சுமார் 19 சதவீதம்தான். ஆகவே கேள்வி இயற்கையா, ஆங்கில மருத்துவமா என்பதல்ல. நாய் எத்தனை கிலோ என்பதே முதல் கேள்வி!

சின்ன நாயென்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஓய்வு கொடுத்துப் பார்ப்பதே நியாயம். ராஜபாளையம் போன்ற பெரிய நாயென்றால், வசதி இருப்பவர் தள்ளிப்போடக் கூடாது. தாமதித்தால் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பும் கிழியும், வாதம் வரும். பல நாய்களுக்குப் பின்னால் அடுத்த காலின் ஜவ்வும் போய்விடுகிறது. வசதி இல்லாதவர் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. அவரால் செய்யக்கூடியதும் இருக்கிறது. எடையைக் குறைப்பது, கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்துவது, மருத்துவர் எழுதித் தரும் வலி மருந்தை மட்டும் கொடுப்பது.

கத்தி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஓய்வு இல்லாமல் எந்த நாயும் தேறாது. அதுதான் உண்மையான இயற்கை வைத்தியம். ஆனால் நம்மூரில் நடப்பது என்ன? பிரண்டையைக் கட்டிவிட்டு, அன்று இரவே நாயைக் கொல்லைக் காவலுக்கு அவிழ்த்துவிடுகிறார்கள். அதற்குப் பெயர் இயற்கை வைத்தியம் அல்ல, கைவிடுதல்.

வருடம் முழுக்க நமக்காக விழித்திருந்த நாய்க்கு, இரண்டு மாதம் நாம் விழித்திருந்தால் என்ன?